மூன்று மில்லிசெக்கன்

ரம்லானின் ஸ்நேர் மெலிந்துதான் போயிருக்கிறது,
ஈரத் துவாயால் சுவரில் அடித்த மாதிரி.
குற்றம் பாதி என் அறையினது.
கடலுக்கு இறங்கும் ஒழுங்கை, வெள்ளவத்தை.
சுவரெல்லாம் மெத்தை கட்டியும்
கதவிடுக்கால் உப்பு வரும், கூடவே
பாணந்துறைக் கோச்சியும் வரும்.

ஜெனார்த்தன் குரல் செய்தி அனுப்பியிருக்கிறான்:
"மாத்திவிடுங்கோ அக்கா. ஆருக்குத் தெரியப்போகுது?"
வெள்ளிக்கிழமை அவனுக்குப் பாட்டு வேணும்.

மாற்றுவது லேசு.
ஒவ்வோர் அடியையும் கணினி கண்டுபிடிக்கும்.
கண்டுபிடித்த இடத்தில்,
எங்கோ குளிர் தேசத்துக் கல் மண்டபத்தில்
யாரோ ஒருமுறை அடித்துவைத்த அடியை நடும்,
கயிறு பிடித்து நாற்று நட்ட மாதிரி,
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு தரம்.

நட்டேன். கேட்டேன்.
பாட்டு எழும்பி நின்றது, அயர்ன் பண்ணிய சட்டையோடு.
கோச்சி இல்லை.
இரண்டாம் சரணத்துக்கு முன்னால்
குச்சி நுனியால் தோலை முணுமுணுக்க வைப்பானே,
அந்தச் சிற்றடிகளும் இல்லை.
கணினி அவற்றை அடியென்றே கணக்கெடுக்கவில்லை.
கணக்கெடுக்கச் சொல்லி எல்லையைக் கீழே இறக்கினால்
முணுமுணுப்பெல்லாம் கத்தத் தொடங்குகிறது,
மணி அடித்ததும் வகுப்பு மாதிரி.

அழித்தேன்.

பழையதை அப்படியே வைத்து
புதியதை அடியில் ஊட்டிப் பார்த்தேன்.
இரண்டும் சேர்ந்து
ஒன்றாய் இருந்ததைவிட மெலிந்தன.
அலையைப் பெருக்கிப் பார்த்தால் தெரிகிறது:
ஒன்று மேலே ஏறும்போது மற்றது கீழே இறங்குகிறது,
மூன்று மில்லிசெக்கன் பிந்தி.
ஒரே வீட்டில் இரண்டு பேர்
ஒரே நேரத்தில் கதைத்து
இருவரும் கேட்காமல் போன மாதிரி.
என் கலியாணத்தில் நாலு வருடம் நடந்தது இதுதான்.
அங்கே இழுத்துச் சரிபண்ண மௌஸ் இருக்கவில்லை.

மெல்ல முன்னுக்கு இழுத்தேன்.
ஓரிடத்தில், சொல்லாமல் கொள்ளாமல்,
ஸ்நேருக்கு வயிறு வந்தது.
இன்னும் அது ரம்லான்தான்;
காலையில் சாப்பிட்டுவிட்டு வந்த ரம்லான்.

கோச்சியும் இருக்கிறது.
அவன் அடிக்கும்போதெல்லாம் கேட் ஒரு கணம் திறக்க
பெட்டி பெட்டியாய் உள்ளே ஏறுகிறது.
இருக்கட்டும். டிக்கெட் எடுத்துத்தானே வந்திருக்கும்.

ஆனால் கிக்.
அந்த விஷயத்தில் நான் நல்லவளாய் இருக்கவில்லை.
அன்றைக்கு வயர் பழுது,
மைக்கில் விழுந்தது கொறகொறப்பு மட்டும்தான்.
மேலே தொங்கிய மைக்குகளில்
அவன் கால் பட்ட இடங்களைத் தேடித் தேடி
ஒன்றுவிடாமல் மாற்றினேன்.
மெலிந்ததை ஊட்டலாம்.
இல்லாததை எப்படி ஊட்டுவது?

வியாழன் பின்னேரம் ரம்லான் வந்தான்,
கொம்பனித் தெருவிலிருந்து, பாதி நனைந்து.
ஹெல்மெட்டை மடியில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டான்.
விரல் அதன்மேல் போய்க்கொண்டிருந்தது.
முடிந்ததும் சொன்னான்:
"என்ட காலைப் பாருங்க! அண்டைக்கு என்ன மாதிரி விழுந்திருக்கு.
ஆனா ஸ்நேர்... அது நான் இல்ல. மாத்திட்டீங்க, என்ன?"

ஊட்டியதை மூடிவிட்டு
அவனுடையதை மட்டும் போட்டுக் காட்டினேன்.
ஈரத் துவாய். கோச்சி. முணுமுணுப்பு.
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"இது நான்தான்," என்றான், சந்தோஷமில்லாமல்.
"மற்றதையே விடுங்க."

காலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.
தேத்தண்ணி குடித்தான். மழை விடமுன்னம் போய்விட்டான்.

பில்லில் எழுதினேன்: ட்ரம்ஸ் திருத்தம்.
பிறகு திருத்தம் என்பதை வெட்டினேன்.
வேறு சொல் வரவில்லை.
ட்ரம்ஸ், அதற்கெதிரே காசு,
நடுவில் ஒரு கோடு.